ஒரு புள்ளி ஒளிக்குள் இரண்டு சூரியன்கள்

இரவு வானில் ஒற்றைப் புள்ளியாகத் தெரியும் விண்மீன்களில் கணிசமானவை, ஒன்றையொன்று ஈர்த்தபடி பொதுவான நிறைமையத்தைச் சுற்றிவரும் இரட்டைகள். அவற்றுள் ஒரு வகை மிக நெருக்கமானது: இரு விண்மீன்களுக்கும் இடைப்பட்ட தொலைவு அவற்றின் விட்டத்தைப்போல் சில மடங்குதான் இருக்கும், ஒரு சுற்றை முடிக்கச் சில நாள்களோ சில மணி நேரமோ போதும். இவ்வளவு நெருங்கிய இணையைப் பிரித்துக் காட்டும் ஆற்றல் எந்தத் தனித் தொலைநோக்கிக்கும் இல்லை. பல தொலைநோக்கிகளின் ஒளியை ஒன்றுசேர்க்கும் நுட்பத்தால்கூட அல்கால், பீட்டா லைரே போன்ற மிகச் சிலவே இரண்டாகப் பிரிந்து தெரிந்திருக்கின்றன. அப்படியிருந்தும் இத்தகைய ஆயிரக்கணக்கான இணைகளின் ஆரம், வெப்பநிலை, வடிவம், அவை சாய்ந்திருக்கும் கோணம் ஆகியவற்றை வானியலார் கணித்து வைத்திருக்கிறார்கள். அந்த அறிவின் பெரும்பகுதி ஒரே ஒரு வரைபடத்திலிருந்து வந்தது. விண்மீனின் பொலிவு நேரத்தோடு எவ்வாறு கூடிக் குறைகிறது என்பதைக் காட்டும் அந்தக் கோட்டுக்கு ஒளிவளைகோடு என்று பெயர்.

இரட்டையின் சுற்றுப்பாதைத் தளம் ஏறத்தாழ பூமியின் பார்வைக் கோட்டிலேயே அமைந்துவிட்டால், ஒவ்வொரு சுற்றிலும் முதல் விண்மீன் ஒருமுறை இரண்டாவதை மறைக்கும்; அரைச் சுற்று கழித்து இரண்டாவது முதலாவதை மறைக்கும். நிலா சூரியனை மறைப்பது போன்ற கிரகணம்தான் இதுவும். ஆனால் இங்கே மறைக்கும் பொருளும் தானே ஒளிர்வது. இவ்வாறு மாறிமாறி மங்குபவை கிரகண இரட்டை விண்மீன்கள் எனப்படுகின்றன. ஒரு சுற்றில் இரண்டு மங்கல்கள் நிகழ்வதால் ஒளிவளைகோட்டில் இரண்டு பள்ளங்கள் விழும். ஆழமானது முதன்மைச் சிறுமம், ஆழம் குறைந்தது துணைச் சிறுமம்.

இவற்றுள் முதலில் இனம்காணப்பட்டது அல்கால். கார்த்திகை மீன்கூட்டத்துக்கு வடமேற்கே, பெர்சியஸ் மண்டலத்தில் உள்ள இந்த விண்மீனைத் தமிழகத்திலிருந்து குளிர்கால மாலைகளில் வெறுங்கண்ணாலேயே பார்க்கலாம். அதன் பொலிவு மாறுவதை இத்தாலிய வானியலாளர் ஜெமினியானோ மொந்தனாரி 17ஆம் நூற்றாண்டிலேயே குறித்திருந்தாலும், அந்த மாற்றம் கடிகாரம்போல் ஒழுங்கானது என்று கண்டவர் இங்கிலாந்தின் யார்க் நகரில் வாழ்ந்த ஜான் குட்ரிக். சிறுவயதிலேயே செவித்திறனை இழந்த அந்த இளைஞர், அண்டை வீட்டுக்காரரும் வானியல் ஆர்வலருமான எட்வர்ட் பிகாட்டுடன் சேர்ந்து 1782 நவம்பர் முதல் அல்காலைத் தொடர்ந்து பார்த்து, அது 2 நாள் 20 மணி 49 நிமிடத்துக்கு ஒருமுறை மங்குகிறது என்று கணக்கிட்டார். பார்க்க முடியாத ஒரு பொருள் அதைச் சுற்றிவந்து மறைக்கலாம், அல்லது அதன் மேற்பரப்பில் கரும்பகுதி இருந்து அது சுழலும்போது பூமியை நோக்கித் திரும்பலாம் என்று அவர் இரு விளக்கங்களை முன்வைத்தார். 1783இல் அரச கழகம் அவருக்குக் காப்லி பதக்கம் வழங்கியது. 1784இல் பீட்டா லைரேயின் மாற்றத்தையும் கண்டறிந்த குட்ரிக், 1786இல் தம் 21ஆம் வயதில் காலமானார். அவருடைய முதல் விளக்கமே சரி என்பது உறுதியாக ஒரு நூற்றாண்டு பிடித்தது. 1889இல் ஜெர்மனியின் போட்ஸ்டாம் நகரில் ஹெர்மன் கார்ல் ஃபோகல், அல்காலின் நிறமாலைக் கோடுகள் கிரகணத்துக்கு முன்பு சிவப்புப் பக்கமும் பின்பு நீலப் பக்கமும் நகர்வதைக் காட்டினார். அதாவது, அந்த விண்மீன் முதலில் பூமியை விட்டு விலகிச் சென்று பிறகு பூமியை நோக்கி வந்தது.

விண்மீனின் பிரகாசத்தை வானியலார் பொலிவெண் என்ற அளவால் குறிக்கிறார்கள். எண் கூடினால் ஒளி குறைகிறது என்று பொருள், 5 எண் வேறுபாடு 100 மடங்கு ஒளி வேறுபாட்டுக்குச் சமம். அல்காலின் பொலிவெண் வழக்கமாக 2.1, முதன்மைச் சிறுமத்தில் அது 3.4 ஆகிறது. எண்ணில் இது சிறிய மாற்றமாகத் தெரிந்தாலும், அந்த நேரத்தில் அல்காலின் ஒளியில் ஏறத்தாழ 70 விழுக்காடு காணாமல் போகிறது. மங்கித் தேறுவதற்கு மொத்தம் சுமார் 10 மணி நேரம் ஆகும். துணைச் சிறுமமோ வெறுங்கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு ஆழமற்றது. 1910இல் அமெரிக்க வானியலாளர் ஜோயல் ஸ்டெபின்ஸ், ஒளி பட்டால் மின்தடை மாறும் செலினியம் என்ற தனிமத்தைக் கொண்டு செய்த ஒளிமானியால்தான் அது முதன்முதலாகப் பிடிபட்டது.

இரண்டு பள்ளங்களின் ஆழம் இவ்வளவு வேறுபடுவது ஏன் என்ற கேள்வி, ஒளிவளைகோட்டைப் படிக்கும் கலையின் நுழைவாயில். வட்டப் பாதையில் சுற்றும் இரட்டையில், முதல் கிரகணத்தின்போது எவ்வளவு பரப்பு மறைகிறதோ அதே பரப்புதான் இரண்டாவது கிரகணத்திலும் மறைகிறது. பரப்பு சமம் என்றால், இழக்கும் ஒளியின் வேறுபாடு அந்தப் பரப்பு எவ்வளவு சூடாக ஒளிர்கிறது என்பதை மட்டுமே பொறுத்தது. ஆகவே ஆழமான பள்ளம் விழும்போது மறைவது சூடான விண்மீன். அது பெரியதா சிறியதா என்பது இங்கே பொருட்டில்லை. அல்காலில் நீலவெண்ணிறச் சூடான விண்மீனை, குளிர்ந்த செம்மஞ்சள் விண்மீன் மறைக்கும்போது 70 விழுக்காடு ஒளி போகிறது. குளிர்ந்தது மறையும்போது இழப்பு சொற்பம். எந்தக் கருவியும் தொட முடியாத தொலைவிலுள்ள இரு மேற்பரப்புகளின் வெப்பநிலை விகிதம், இரு பள்ளங்களின் ஆழத்தை ஒப்பிடுவதாலேயே கிடைத்துவிடுகிறது.

பள்ளத்தின் அகலமும் வடிவமும் இன்னும் பல செய்திகளைத் தருகின்றன. சுற்றுக்காலத்தில் எத்தனை பங்கு நேரம் கிரகணம் நீடிக்கிறது என்பதிலிருந்து, பாதையின் அளவோடு ஒப்பிட விண்மீன்களின் ஆரம் எவ்வளவு என்று தெரியும். பள்ளத்தின் அடி தட்டையாக இருந்தால், சிறிய விண்மீன் முழுவதுமாகப் பெரியதன் பின்னால் ஒளிந்தோ அதன் முகத்தைக் கடந்தோ செல்கிறது. அடி கூராக இருந்தால் கிரகணம் பகுதியளவுதான். இவையெல்லாம் விகிதங்கள். கிலோமீட்டரிலும் கிலோகிராமிலும் விடை வேண்டுமானால் நிறமாலையும் வேண்டும்: கோடுகளின் இடப்பெயர்ச்சி விண்மீன்களின் வேகத்தைச் சொல்லும்; வேகத்தையும் சுற்றுக்காலத்தையும் சேர்த்தால் பாதையின் உண்மையான அளவும், அதிலிருந்து கெப்ளரின் விதி வழியே நிறையும் கிடைக்கும். சூரியனைத் தவிர்த்த பிற விண்மீன்களின் நிறையையும் ஆரத்தையும் பற்றி இன்று துல்லியமாகத் தெரிந்தவற்றுள் பெரும்பங்கு இந்த வழியில் வந்ததே. ஆரமும் வெப்பநிலையும் தெரிந்தால் விண்மீன் உண்மையில் எவ்வளவு ஒளி உமிழ்கிறது என்பதும், அது நமக்கு எவ்வளவு மங்கலாகத் தெரிகிறது என்பதிலிருந்து அதன் தொலைவும் தெரிந்துவிடும். பெரிய மெகல்லனிய மேகம் என்னும் அண்டை விண்மீன் மண்டலம் சுமார் 1,62,000 ஒளியாண்டு தொலைவில் உள்ளது என்பது 2019இல் ஒரு விழுக்காடு பிழைக்குள் நிறுவப்பட்டது. அதற்குப் பயன்பட்டவை அந்த மண்டலத்திலுள்ள 20 கிரகண இரட்டைகள்.

அல்காலின் நிறைகள் தெரியவந்தபோது வானியலார் ஒரு முரண்பாட்டை எதிர்கொண்டனர். நிறை மிகுந்த விண்மீன் தன் எரிபொருளை வேகமாகத் தீர்த்துவிட்டு முதலில் மூப்படையும் என்பது விண்மீன் இயலின் அடிப்படை. அல்காலிலோ சூரியனைப்போல் மூன்று மடங்குக்கு மேல் நிறையுள்ள விண்மீன் இன்னும் இளமையோடு இருக்க, சூரியனைவிட நிறை குறைந்த துணை ஊதிப் பெருத்து மூப்படைந்திருக்கிறது. இரண்டும் ஒன்றாகப் பிறந்தவை. அப்படியானால் குறைந்த நிறையுள்ளது எப்படி முந்தியது? விடை விண்மீன்களின் ஈர்ப்பு எல்லையில் இருக்கிறது. நெருங்கிய இரட்டையில் ஒவ்வொரு விண்மீனையும் சுற்றி, அதன் பொருள் அதற்கே கட்டுப்பட்டிருக்கும் ஒரு பகுதி உண்டு. 19ஆம் நூற்றாண்டுப் பிரெஞ்சுக் கணிதவியலாளர் எதுவார் ரோஷின் பெயரால் அது ரோஷ் மடல் என்று வழங்குகிறது. இரு மடல்களும் நடுவில் ஒரு புள்ளியில் தொட்டுக்கொள்ளும். மூப்படைந்து ஊதும் விண்மீன் தன் மடலை நிரப்பிவிட்டால், மிச்ச வாயு அந்தப் புள்ளி வழியே துணையின் பக்கம் வழிந்துவிடும். இன்று இளைத்திருக்கும் அல்கால் துணைதான் ஒரு காலத்தில் நிறை மிகுந்ததாக இருந்து முதலில் மூப்படைந்தது. பிறகு தன் பொருளைக் கூட்டாளிக்குக் கொடுத்துவிட்டது. 1955இல் ஜான் க்ராஃபோர்ட் இந்த விளக்கத்தை முன்வைத்தார். 1960களில் கணினிக் கணக்குகள் அது நடக்கக்கூடியதே என்று காட்டின. அதே 1955இல் ஸ்டெனெக் கோபால், ரோஷ் மடலை அடிப்படையாக வைத்து நெருங்கிய இரட்டைகளை மூன்றாக வகுத்தார்: இரண்டும் தத்தம் மடலுக்குள் அடங்கிய விலகிய இரட்டை, ஒன்று மட்டும் மடலை நிரப்பிய அரை விலகிய இரட்டை, இரண்டும் நிரப்பி ஒட்டிக்கொண்ட தொடு இரட்டை. இன்றும் இந்த வகுப்பே வழக்கில் உள்ளது.

மூன்றாவது வகை எல்லாவற்றிலும் விந்தையானது. 1903இல் போட்ஸ்டாமைச் சேர்ந்த ம்யூலரும் கெம்ப்பும் சப்தரிஷி மண்டலத்தில் கண்ட டபிள்யூ அர்சே மேஜோரிஸ் என்ற விண்மீன் இவ்வகைக்குப் பெயர் தந்தது. அதன் சுற்றுக்காலம் 8 மணி நேரத்துக்குச் சற்றே கூடுதல். நீண்ட ஓர் இரவில் ஒரு முழுச் சுற்றையும் அளந்துவிடலாம். அப்படி அளந்து வரைந்த கோட்டைக் கூர்ந்து பார்த்தால் அல்காலின் கோட்டிலிருந்து அது எவ்வளவு மாறுபட்டது என்பது உடனே தெரியும். அல்காலில் கிரகணம் இல்லாத நேரத்தில் கோடு ஏறத்தாழ தட்டையாக ஓடி, பிறகு திடீரென்று சரியும். இங்கே தட்டையான பகுதியே இல்லை. கோடு ஒரு சிகரத்திலிருந்து இறங்கி, பள்ளத்தைத் தொட்டு, நிற்காமல் அடுத்த சிகரத்துக்கு ஏறிக்கொண்டே இருக்கிறது. கிரகணம் எங்கே தொடங்குகிறது என்று விரல் வைத்துக் காட்ட முடியாது. விண்மீன்கள் உருண்டையாக இல்லாததே இதற்குக் காரணம். ஒன்றன் ஈர்ப்பால் மற்றது நீண்டு, இரண்டும் நடுவில் ஒட்டி, இரட்டைப் பருப்பு நிலக்கடலையின் உருவத்தைப் பெற்றிருக்கின்றன. பக்கவாட்டில் தெரியும்போது அதிகப் பரப்பும், முனையிலிருந்து தெரியும்போது குறைந்த பரப்பும் நம்மை நோக்குவதால் கிரகணம் இல்லாதபோதும் ஒளி மாறிக்கொண்டே இருக்கிறது.

அந்தக் கோட்டில் இன்னொரு வியப்பும் உண்டு: இரு பள்ளங்களும் ஏறக்குறைய ஒரே ஆழம். மேலே சொன்ன விதிப்படி இரு மேற்பரப்புகளும் ஏறக்குறைய ஒரே வெப்பநிலையில் இருக்கின்றன என்று இதற்குப் பொருள். ஆனால் நிறமாலையோ ஒன்றன் நிறை மற்றதில் பாதியளவுதான் என்கிறது. தனித்தனியே வாழ்ந்திருந்தால் பாதி நிறையுள்ள விண்மீன் வெகுவாகக் குளிர்ந்து சிவந்திருக்க வேண்டும். இந்தப் புதிருக்கு 1968இல் லியான் லூசி தந்த விளக்கம் இன்றும் நிலைத்திருக்கிறது: இரு மையங்களையும் கொதித்துப் புரளும் ஒரே வாயு உறை போர்த்தியிருக்கிறது; பெரிய விண்மீனில் பிறக்கும் ஆற்றலில் ஒரு பங்கு அந்தப் பொது உறை வழியே சிறியதன் பக்கம் பாய்ந்து மேற்பரப்பு முழுவதையும் ஏறத்தாழ ஒரே சூட்டில் வைக்கிறது. இரண்டு பள்ளங்களின் ஆழம் ஒன்றாக இருக்கிறது என்ற எளிய கவனிப்பிலிருந்து விண்மீனின் உள்ளே ஆற்றல் நகரும் வழி வரை சென்ற இந்தச் சிந்தனை, இத்துறையின் மிக அழகான சாதனைகளுள் ஒன்று.

உருண்டையல்லாத விண்மீன்களுக்குப் பழைய வடிவியல் கணக்குகள் போதவில்லை. ஹென்ரி நோரிஸ் ரஸ்ஸலும் ஹார்லோ ஷாப்லியும் 1912ஐ ஒட்டி வகுத்த முறைகள் அட்டவணைகளையும் கைக்கணக்கையும் நம்பியவை. 1971இல் ராபர்ட் வில்சனும் எட்வர்ட் டெவின்னியும் வெளியிட்ட கணினி நிரல் விண்மீன்களின் உண்மையான உருவத்தையே ரோஷ் கணக்கின்படி கட்டி, மேற்பரப்பைச் சிறுசிறு துண்டுகளாகப் பிரித்து, ஒவ்வொரு துண்டும் எவ்வளவு ஒளி தருகிறது என்று கூட்டியது. வட்டின் நடுவைவிட விளிம்பு மங்கலாகத் தெரிவது, நீண்டு புடைத்த பகுதி குளிர்ந்திருப்பது, சூடான விண்மீன் துணையின் அருகுப் பக்கத்தைச் சுடவைப்பது ஆகிய எல்லாமே அதில் அடங்கின. அளந்த கோட்டோடு கணக்கிட்ட கோடு பொருந்தும்வரை சாய்வையும் வெப்பநிலையையும் நிறை விகிதத்தையும் மாற்றிக்கொண்டே போவார்கள். அதன் வழிவந்த நிரல்களே இன்றும் உலகெங்கும் பயன்படுகின்றன. இங்கே ஒரு எச்சரிக்கை தேவை: பகுதிக் கிரகணம் மட்டுமே உள்ள தொடு இரட்டையில் ஒன்றுக்கு மேற்பட்ட விடைகள் ஒரே கோட்டுக்குப் பொருந்திவிடும். தட்டையான அடி தெரியும் முழுக் கிரகணமோ நல்ல நிறமாலையோ இல்லாதபோது, ஒளிவளைகோட்டிலிருந்து மட்டும் எடுத்த நிறை விகிதத்தை நம்பக் கூடாது.

சில கோடுகளில் இரு சிகரங்களின் உயரமும் சமமாக இருப்பதில்லை. சூரியனில் தோன்றுவதைப் போன்ற, ஆனால் அதைவிட மிகப் பெரிய கரும்புள்ளிகள் விண்மீனின் ஒரு பக்கத்தை மங்கவைப்பது இதற்கு ஒரு காரணம். சுற்றுக்கும் சுழற்சிக்கும் ஒரே காலம் எடுத்து வேகமாகச் சுழலும் நெருங்கிய இரட்டைகளில் காந்தப்புலம் வலுத்திருப்பதால் இத்தகைய புள்ளிகள் மிகுதி. தமிழ்நாட்டில் ஜவ்வாது மலையிலுள்ள காவலூர் வான்நோக்ககத்திலிருந்தும் இவ்வகைப் புள்ளி இரட்டைகளின் ஒளி பல பருவங்களாகத் தொடர்ந்து அளக்கப்பட்டிருக்கிறது.

காந்தப்புலத்துக்கு இன்னொரு விளைவும் உண்டு. அதோடு சேர்ந்து வெளியேறும் விண்மீன் காற்று சுழற்சியின் கோண உந்தத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொண்டுபோய்விடுவதால், இரட்டை மெல்ல நெருங்கி, சுற்றுக்காலம் குறையும். இந்த மாற்றம் மிக நுண்ணியது. ஆனால் அது சேர்ந்துகொண்டே போகும் என்பதால் அளக்க வழி இருக்கிறது. 8 மணி நேரச் சுற்றுக்காலம் உள்ள இரட்டை 10 ஆண்டுகளில் ஏறத்தாழ 11,000 சுற்றுகளை முடிக்கிறது. சுற்றுக்காலத்தில் நொடியின் நூறில் ஒரு பங்கு பிழை இருந்தாலும், 10 ஆண்டு முடிவில் சிறுமம் எதிர்பார்த்ததிலிருந்து கிட்டத்தட்ட 2 நிமிடம் தள்ளி நிகழும். ஆகவே பார்த்த நேரத்திலிருந்து கணித்த நேரத்தைக் கழித்து, அந்த வேறுபாட்டை ஆண்டுக்கணக்கில் வரைவார்கள். புள்ளிகள் நேர்கோட்டில் விழுந்தால் சுற்றுக்காலம் மாறவில்லை. வளைந்து விழுந்தால் அது கூடுகிறது அல்லது குறைகிறது. அலைபோல் ஏறியிறங்கினால், இரட்டையைச் சற்றே முன்னும் பின்னும் இழுக்கும் மூன்றாவது விண்மீன் ஒன்று இருக்கலாம்.

நெருங்கி நெருங்கி இரட்டை இறுதியில் ஒன்றாகிவிடுமா என்ற கேள்விக்கு 2008இல் விடை கிடைத்தது. அந்த ஆண்டு விருச்சிக மண்டலத்தில் வி1309 ஸ்கார்ப்பியை என்ற விண்மீன் திடீரென்று வெடித்துப் பிரகாசித்து, சூரியனைவிடப் பல்லாயிரம் மடங்கு ஒளியைக் கொட்டியது. வார்சா பல்கலைக்கழகம் சிலி நாட்டிலிருந்து நடத்தும் ஓகிள் என்ற ஆய்வுத் திட்டம் வேறொரு நோக்கத்துக்காக அந்த வானப்பகுதியை முன்பே ஆண்டுக்கணக்கில் படம்பிடித்து வைத்திருந்தது. 2011இல் ரொமுவால்ட் டிலெண்டாவும் குழுவினரும் அந்தப் பதிவுகளைப் புரட்டியபோது, வெடிப்புக்கு முன்பு அது சுமார் 1.4 நாள் சுற்றுக்காலம் கொண்ட தொடு இரட்டையாக இருந்ததையும், அந்தக் காலம் மேலும் மேலும் வேகமாகக் குறைந்ததையும், ஒரு சுற்றுக்கு இரு சிகரங்கள் காட்டிய ஒளிவளைகோடு போகப்போக ஒற்றைச் சிகரமாக உருமாறியதையும் கண்டனர். இரண்டு விண்மீன்கள் ஒன்றாகக் கலந்த நிகழ்வு, அதற்கு முன்னான ஒளிவளைகோட்டோடு பதிவாகியிருந்தது.

இதனால் ஊக்கம் பெற்ற லாரன்ஸ் மோல்னர் என்ற அமெரிக்க வானியலாளரும் குழுவினரும், அன்ன மண்டலத்தில் கேஐசி 9832227 என்ற, சுமார் 11 மணி நேரச் சுற்றுக்காலம் கொண்ட தொடு இரட்டை 2022இல் கலந்து வெடிக்கும் என்று 2017இல் அறிவித்தனர். செய்தி உலகெங்கும் பரவியது. அடுத்த ஆண்டே சான் டியேகோ மாநிலப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த க்வென்டின் சோசியாவும் பிறரும், அதுவரை யாரும் பயன்படுத்தாத 2003ஆம் ஆண்டு அளவுகளை எடுத்துப் பார்த்தபோது அவை அந்த முன்கணிப்போடு பொருந்தவில்லை. துருவிச் சென்றதில், 1999ஆம் ஆண்டு அளவுகளை விவரித்த பழைய கட்டுரையொன்றில் நேரம் குறித்த அச்சுப்பிழை இருந்தது தெரிந்தது. பிழை சரியாக 12 மணி நேரம். சுற்றுக்காலம் 11 மணி என்பதால், 12 மணி நேரப் பிழை ஒரு முழுச் சுற்று போக 1 மணி நேர விலகலாக மட்டுமே தெரிந்தது; அந்த விலகல்தான் சுற்றுக்காலம் வேகமாகச் சுருங்குவதாகக் காட்டியது. முன்கணிப்பு கைவிடப்பட்டது, மோல்னரும் திருத்தத்தை ஏற்றுக்கொண்டார். முன்கணிப்புக்குக் கிடைத்த அளவு விளம்பரம் இந்தத் திருத்தத்துக்குக் கிடைக்கவில்லை. ஆனால், முன்கணிப்பைவிட அறிவியலுக்கு அதிகம் கற்றுக்கொடுத்தது இந்தத் திருத்தம்தான்.

கெப்ளர், டெஸ் போன்ற விண்வெளித் தொலைநோக்கிகளும் ஓகிள் போன்ற திட்டங்களும் இலட்சக்கணக்கான கிரகண இரட்டைகளைக் குவித்துவிட்ட இக்காலத்திலும், ஒரு குறிப்பிட்ட இரட்டையைப் பத்தாண்டுக் கணக்கில் விடாமல் பின்தொடரும் வேலையில் பெரும்பங்கு சிறிய தொலைநோக்கிகளிடமும் ஆர்வலர்களிடமும்தான் இருக்கிறது. சிசிடி கேமரா பொருத்திய 20 செண்டிமீட்டர் தொலைநோக்கி ஒன்று போதும். விண்மீனைத் தனியாக அளக்காமல், அதே படத்தில் உள்ள, பொலிவு மாறாத இன்னொரு விண்மீனோடு ஒப்பிட்டு அளப்பார்கள். மெல்லிய மேகமோ காற்றின் தூசியோ கடந்தால் இரண்டும் ஒரே அளவில் மங்கும் என்பதால் ஒப்பீடு கெடாது. ஒப்பீட்டு விண்மீனே மாறிவிடவில்லை என்பதைச் சரிபார்க்க மூன்றாவது ஒன்றையும் அளப்பது வழக்கம். ஒவ்வொரு படமும் எடுத்த நேரம் நொடித் துல்லியத்தோடு உலகப் பொது நேரத்தில் பதிவாக வேண்டும். பிறகு அதைச் சூரியனை மையமாகக் கொண்ட நேரமாக மாற்ற வேண்டும். பூமி தன் பாதையில் விண்மீனை நெருங்கியும் விலகியும் செல்வதால், ஒரே சிறுமம் 8 நிமிடத்துக்கு மேல் முந்தியோ பிந்தியோ நமக்கு வந்துசேரக்கூடும். இந்தத் திருத்தம் செய்யாத நேரத்தைச் சுற்றுக்கால ஆய்வில் சேர்ப்பதில்லை.